வெறுந்தகரத்தில் ஒரு கை

என் அக்காவை அவள் வேலை பார்க்கும் ஷெட்டில் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார் பழுது பார்க்கும் ஷெட் அது. உள்ளே நுழைந்தால் ஜன்னலுக்குக் கீழே அவளுடைய தையல் மிஷின். அதைச் சுற்றி ரெக்சின் சுருளும் ஸ்பாஞ்சுத் துண்டும் மலைபோலக் குவிந்திருக்கும். நடுவில் அவள் தலை மட்டும் தெரியும். கிழிந்த கார் சீட்டுகளுக்கு உறை தைப்பதுதான் அவள் பிழைப்பு. ஊரில் எத்தனையோ பேர் சாய்ந்து உட்கார்ந்து போவது அவள் தைத்த தையல்மேல்தான். அவளுக்கென்று ஒரு கார் இருந்ததில்லை.

"ஊருக்கெல்லாம் பல்லக்கு தச்சுக் குடுத்துட்டு நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்டா தம்பி" என்று சொல்லிச் சிரிப்பாள். குறையாகச் சொல்ல மாட்டாள். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வது அவளுக்கு ஆண்டவன் கொடுத்த வரம்.

அவளுக்கு வாய்த்தவர் ரொட்டி பேக்டரியில் அடுப்பு பார்க்கிறவர். எனக்கு மாமா. நல்ல மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருக்கும். அவருக்கு ஒரு மீசை உண்டு. அவர் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் மீசை திரும்பிவிடும். அடுப்பு வெக்கையில் நுனி கருகும்போதெல்லாம் எண்ணெய் தடவி, சீப்பால் வாரி, பிள்ளை வளர்ப்பதுபோல மறுபடி வளர்த்துவிடுவார்.

ஷெட்டுக்குப் பின்னால், மதில் ஓரமாக, ஒரு பழைய கார் கிடந்தது. யாரோ விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். சக்கரம் மண்ணில் புதைந்து, தரையில் ஓட்டை விழுந்து, ஓட்டை வழியே ஒரு செடி முளைத்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. ஒருநாள் முதலாளி அக்காவிடம், "பேப்பரெல்லாம் என் பேருக்கு மாத்திட்டேன், எனக்கு இது எதுக்கு, நீ வேணும்னா எடுத்துக்கோ. இல்லேன்னா பழைய இரும்புக்கடைக்குப் போட்டுடுவேன்" என்றார்.

அக்கா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பூனைக்குட்டி இருக்குன்னியே, அந்தக் காரா?"

"ஆமாங்க."

"பூனையே காலி பண்ணிட்டுப் போயிருச்சாம். நீ குடி போறியா?"

"நம்ம பொண்ணு உண்டாயிருக்கால்ல. பிள்ளையும் கையுமா அவ வரும்போது நம்ம கார்ல கூட்டிட்டு வரணுங்க. அவ பொறந்தப்ப நாம எப்படி வந்தோம்னு மறந்துட்டீங்களா?"

மாமா மறக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மகள் பிறந்த சமயம் நல்ல மழை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் பேக்டரியின் ரொட்டி வண்டியை மாமா கொண்டுவந்தார். பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் தார்ப்பாயைப் போர்த்தி உட்கார்ந்து வந்தாள். ரொம்ப நாள் வரைக்கும் அந்தப் பிள்ளையைத் தூக்கினவர்கள் எல்லாம் முகர்ந்து பார்த்து, "என்னடி இது, பன்னு வாசனை வருது" என்பார்கள்.

"அந்தத் தகரம் பெயிண்ட் அடிச்சு ரோட்டுல ஓடினா, நான் இந்த மீசையை எடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு மாமா கை கழுவ எழுந்தார்.

"சாட்சி இருக்கு" என்றாள் அக்கா, என்னைக் காட்டி.

அப்படி ஆரம்பித்ததுதான் அது. ஷெட்டில் எல்லாரும் காரை உள்ளே தள்ளிக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். மெக்கானிக் இன்ஜினை இறக்கி உயிர் கொடுத்தார். டிங்கர் வேலை செய்கிறவர் ஓட்டைத் தரையை வெட்டி எடுத்துவிட்டு புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். உடம்பைச் சுரண்டும் வேலையை மட்டும் அக்கா யாருக்கும் விடவில்லை. தையல் முடிந்த பிறகு முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவாள். நான் சைக்கிள் கடையை மூடிவிட்டுப் போய்க் கூட உட்காருவேன். மேலே நீலம், அதன் கீழே சந்தன நிறம், அதற்கும் கீழே பச்சை. "வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வருதே, இவளுக்கு எத்தனை புடவைடா" என்பாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக உரிக்கவும் கூடாது. வெறும் தகரம் காற்றைப் பார்த்தால் துருப்பிடிக்கும். அதனால் கடைசித் தோலை மட்டும் விட்டுவைத்து, மற்றதை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சுரண்டினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய யோசனை வந்தது. வெறும் தகரத்துக்குமேல் முதலில் எதை அடிப்பது?

ஷெட்டில் பெயிண்ட் அடிக்கிறவருக்கு வானிலை என்று பட்டப்பெயர். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார், மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்வார், பிறகு "ம்" என்பார், இல்லை "ம்ஹூம்" என்பார். அக்கா அவரிடம்தான் முதலில் கேட்டாள்.

"இதுல என்ன யோசனை? சாம்பல் கலர் பிரைமர் இருக்கு. சர்பேசர்னு சொல்லுவோம். அடிச்சா கனமா நிக்கும், தேய்க்கச் சுலபம், சின்னச் சின்னக் கீறலை மூடிடும். நான் அதான் அடிக்கிறேன்."

பக்கத்தில் கேட் செய்கிற வெல்டர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "இரும்புக்குச் சிவப்பு ஆக்சைடுதான் அக்கா. நான் வச்ச கேட்டெல்லாம் பாரு, அப்படியே நிக்குது."

"கேட் ஓடுமாய்யா?" என்றார் வானிலை.

பெயிண்டுக் கடைக்காரம்மா வேறு விதமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு எதையும் அவசரமாகச் சொல்லத் தெரியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்தார். ஒன்றில் ஆசிட் இருக்கிறது, அது தகரத்தைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் மெல்லிசு, மேலே இன்னொன்று கட்டாயம் வேண்டும் என்றார். இன்னொன்று எபாக்ஸி. இரண்டு டப்பா. இரண்டையும் கலந்த பிறகுதான் அது இறுகும். காயப் பொறுமை வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. "ஆனா ஆசிட்டு அடிச்சதுக்கு மேல எபாக்ஸி அடிக்காதீங்கன்னு டப்பாலயே போட்டிருக்காங்கம்மா. ரெண்டையும் சேத்து வாங்கிட்டுப் போயிடாதீங்க. ரெண்டும் மாமியா மருமக மாதிரி."

அக்கா வீடு திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு டப்பாவாக விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அவள் இவ்வளவு யோசித்ததில்லை. அதை நான் சொல்லவும் செய்தேன்.

"மாப்பிள்ளை சரியில்லன்னா வாய் இருக்கு, கேக்கலாம். இதுல துரு உள்ள இருந்து தின்னா வெளியில தெரியாதுடா."

அப்புறம் அவள் ஒரு வேலை செய்தாள். பேக்டரியில் நசுங்கிப்போய்த் தூக்கிப் போட்ட ரொட்டி டின்கள் சில வீட்டுக் கொல்லையில் கிடந்தன. அவற்றை எடுத்து, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்தாள். கடைக்காரம்மா டப்பாவின் அடியில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருந்தார். ஒரு டின்னுக்கு சர்பேசர், ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ஆசிட், ஒன்றுக்கு எபாக்ஸி. ஒன்றை மட்டும் வெறுமனே விட்டாள். ஒவ்வொன்றிலும் ஆணியால் ஒரு கோடு கிழித்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரம் சொட்டும் குழாயடியில் வரிசையாக வைத்தாள்.

மாமா சாயங்காலம் பார்த்தார். "என் டின்னுக்குப் பவுடர் போட்டு விட்டிருக்க. பொண்ணு பாக்க வராங்களா?"

"தொடாதீங்க. பரீட்சை நடக்குது."

ஆனால் மாமா பல் விளக்கப் போகும்போதெல்லாம் குழாயடியில் குனிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் குழாயில் வாஷர் போயிருக்கிறது என்பார். ஒருநாள் அவராகவே அக்காவிடம், "அந்தச் சாம்பல் டின்னு அழகா இருந்துச்சே, இப்ப அதுல பொட்டுப் பொட்டா என்னமோ வந்திருக்கு, பாத்தியா" என்றார். சொன்ன பிறகுதான், தான் அதைக் கவனித்ததே தெரிந்துவிட்டதே என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். வெறும் டின் எப்போதோ செங்கல் நிறமாகிவிட்டது. சாம்பல் பூசியது பார்க்க நன்றாக இருந்து, பிறகு அம்மை போட்டதுபோல ஆனது. ஆசிட் பூசியதில் லேசாக மஞ்சள் படர்ந்தது. சிவப்பு பரவாயில்லை. ஆனால் ஆணிக் கோட்டிலிருந்து துரு இரண்டு பக்கமும் ஊர்ந்துகொண்டிருந்தது. எபாக்ஸியில் மட்டும் துரு அந்த ஒரு கோட்டோடு நின்றது, மற்ற இடம் அசையவில்லை.

டின்களைப் பையில் போட்டுக்கொண்டு போய் வானிலையிடம் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, நான் சர்பேசர் அடிச்ச கையோட மேல கலரும் அடிச்சுடுவேன். அதனால தண்ணி உள்ள போக வழியில்ல."

"நான் அப்படி இல்லையேப்பா. எனக்குக் கலர் அடிக்க எப்ப நேரம் வருமோ. நடுவுல அது சும்மா கிடக்கும்ல?"

"அப்படின்னா எபாக்ஸிதான். அது மேலயே பட்டி வச்சுப் பள்ளத்தை அடைக்கலாம், அதுக்கப்புறம் நம்ம சாம்பலை அடிச்சுத் தேய்ச்சுக்கலாம். எல்லாத்துக்கும் இடம் உண்டு. யாரு முதல்ல உள்ள போறாங்கங்கறதுதான் விஷயம்." டின்னைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா வானம் காயணும்" என்றார்.

வானம் காய்ந்தது. மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டிருந்தது. ஷெட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கடைசித் தோலையும் உரித்தோம். பொழுது சாய்வதற்குள் கார் முழுக்க வெறும் தகரமாக நின்றது. நான் என்ன சொல்வது. தண்ணீரில் கழுவி வைத்த வெள்ளித் தட்டுபோல அது மின்னியது. ஜன்னல் வெளிச்சம் அதன் முதுகில் விழுந்து வழிந்தது. முதலாளிகூட மூக்கைச் சொறிந்துகொண்டு, "இதையா நான் இரும்புக்கடைக்குப் போடப் பாத்தேன்" என்றார்.

வானிலை கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்குக் காலையில துடைச்சுட்டு அடிச்சுடலாம். அதுவரைக்கும் எண்ணெய்க் கையோட யாரும் கிட்ட போகாதீங்க."

அவர் போன பிறகு அக்கா காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எங்களைப் பார்த்தாள். "தம்பி, இதை மூடிட்டா அப்புறம் நாம இந்த உடம்பைப் பாக்கவே போறதில்ல. மூடறதுக்கு முன்னால ஒரு தடவை எல்லாரும் கை வச்சு வேண்டிக்கலாமா?"

நல்ல காரியம்தானே. யார் வேண்டாம் என்பார்கள்? எண்ணெய்க் கை கூடாது என்று வானிலை சொன்னது எல்லாருக்கும் நினைவிருந்தது. அதனால் ஒழுங்காகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தோம். முதலாளி இரண்டு தடவை கழுவினார். ஈரக் கையை உதறிவிட்டு, ஆளுக்கொரு இடமாகக் காரின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கண்ணை மூடினோம். அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள். "கடவுளே, இதுல ஏறுறவங்க யாரா இருந்தாலும் பத்திரமா வீடு போய்ச் சேரணும். என் பொண்ணும் பிள்ளையும் இதுல வீட்டுக்கு வரணும்." அவ்வளவுதான். சின்ன வேண்டுதல். எல்லாரும் மனசு நிறைந்து வீட்டுக்குப் போனோம். மாமா அன்று ஷெட்டுக்கு வரவில்லை. ராத்திரி ஷிப்ட் என்று சொல்லியிருந்தார்.

காலையில் நான் போனபோது அக்கா ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வானிலை உள்ளே இடுப்பில் கை வைத்து நின்றார். காரைப் பார்த்தேன். வெள்ளி உடம்பு முழுக்க, ஆரஞ்சு நிறத்தில், கை கையாகப் பூத்திருந்தது. விரல், உள்ளங்கை, ரேகை எல்லாம் தெளிவாக.

"என்னக்கா இது, கார் மேல கூட்டம் போட்டு ஓட்டெடுப்பு நடத்தினீங்களா?" என்றார் வானிலை.

"கை கழுவிட்டுத்தானப்பா வச்சோம்."

"சோப்புப் போட்டா?"

"சோப்புப் போட்டு."

"அதான். ஈரக் கை, அதுல வேர்வை உப்பு. நீங்க பாட்டுக்கு அழுக்குக் கையோட வச்சிருந்தாக்கூட இவ்ளோ அழகா வந்திருக்காது. பக்தியோட அழுத்தியிருக்கீங்க வேற." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். அக்காவின் முகம் அழுவதா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, அதுவும் அவரோடு சேர்ந்துகொண்டது.

பிறகு யார் கை எது என்று பார்க்கும் விளையாட்டு ஆரம்பித்தது. பானெட்மேல் மோதிரத் தடத்தோடு இருந்தது முதலாளி. முன் கதவில் நடுவிரல் நுனி தட்டையாக இருந்தது அக்கா, வருஷக்கணக்காக ஊசியைத் தள்ளித் தள்ளி அது அப்படி ஆகிவிட்டது. கூரையில் கறுப்பு ஓரத்தோடு இருந்தது மெக்கானிக், எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கை வெளுக்காது. என்னுடையது பின் கதவில், கோணலாக.

"இது யாருது?" என்றார் வானிலை.

அவர் காரின் பின்னால், டிக்கி மூடிக்குக் கீழே, குனிந்தால் மட்டும் தெரியும் இடத்தில் காட்டினார். பெரிய கை. சுண்டு விரல் பாதிதான் பதிந்திருந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு பட்டை மட்டும் பதியாமல் வெறுமையாக இருந்தது, நீளமாக எதையோ பிடித்துச் சுட்டுக்கொண்ட தழும்பு மாதிரி.

அடுப்புக்குள் தட்டு இழுக்கும் கம்பியைச் சூடு தெரியாமல் பிடித்த கை எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான் உண்டு. சுண்டு விரல் நிமிராத கையும் அது ஒன்றுதான்.

அக்கா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தன் கையை அதற்கு நேராகக் கொண்டுபோனாள். தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று இப்போது தெரியுமே.

"நாம போனப்புறம் ஷிப்டுக்குப் போற வழியில வந்திருக்காரு" என்றேன்.

"சத்தம் போடாதே" என்றாள், அவர் பக்கத்து அறையில் தூங்குவதுபோல.

எல்லாத் தடத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அக்கா அந்த ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தாள். வானிலை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா, அதையும் தேய்க்கணும். யாரு கையா இருந்தாலும் துரு துருதான். மேல மூடினா உள்ளயே தின்னும்."

"தெரியும்ப்பா. கடைசியா தேய்ச்சுக்கிறேனே." கடைசியாகத் தேய்த்தாள். சமைத்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத்தான் தேய்த்தாள், ஆனால் முகத்தில் ஒரு வெட்கம், கல்யாணமான புதிதில் இருந்ததுபோல.

அதற்குள் வானம் மூடிக்கொண்டது. வானிலை வெளியே போய் முகர்ந்தார். "ம்ஹூம்." திரும்பி வந்து, "அக்கா, ஒண்ணு சொல்றேன். எபாக்ஸி இந்த ஈரத்துல காய நேரம் எடுக்கும். பொண்ணுக்கு நாள் நெருங்குது. சர்பேசர் அடிச்சு, மேல கலரை ஒரே மூச்சுல அடிச்சுட்டா, நேரத்துக்கு முடிஞ்சிடும். எபாக்ஸின்னா கலருக்கு நேரம் இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அக்கா யோசித்தாள். அவள் எத்தனை நாளாகக் கலர் பார்த்துவைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். இளம் பச்சை. தளிர் இலை நிறம். அந்த நிறத்தில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதுபோல அவள் கனவுகூடக் கண்டிருந்தாள்.

"அவசரத்துல மூடினா மழை உள்ள வரும்" என்றாள். "கலர் இல்லாம போனாலும் பரவாயில்ல. நனையாம போகணும். எபாக்ஸியே அடி."

வெயில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்தோம். தகரத்துமேல் பழந்துணியைப் போர்த்தி, ஈரம் தங்காமலிருக்கப் பக்கத்தில் விளக்கு எரியவிட்டு வைத்திருந்தோம். யாரும் கிட்டப் போகவில்லை. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார், மியூசியத்தில் நடப்பவர்போல. வெயில் வந்த காலையில் வானிலை உறை போட்ட கையோடு காரைத் தலை முதல் கால்வரை எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் மருந்து போட்டுத் துடைத்தார். புதுத் துணி எடுத்து மறுபடி துடைத்தார். இரண்டு டப்பாவையும் அளந்து கலக்கி, ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

அந்த நேரம் பார்த்து மாமா ஷெட்டுக்குள் வந்தார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் இந்தப் பக்கம் வர வழியே இல்லை. "என்ன, கலந்து வச்சுட்டு நிக்கிறான்?"

"கலந்தா கொஞ்ச நேரம் விடணும் அண்ணே. ரெண்டும் உள்ள ஒண்ணு சேரணும்."

"மாவு மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா. அவருக்கு அது பிடித்துவிட்டது. "பிசைஞ்ச உடனே அடுப்புல வச்சா கல்லாயிடும்."

அக்கா அவரைப் பார்த்தாள். "உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா காட்டுங்களேன். ரேகை பாக்கணும்."

மாமா இரண்டு கையையும் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். வானிலை முகத்துக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார். கம்ப்ரசர் உறுமியது. ஷெட்டுக்கு வெளியே, மதில் ஓரம், கார் கிடந்த இடத்தில் செடி மட்டும் மிச்சமிருந்தது. அங்கே அக்காவும் மாமாவும் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், ஆனால் காது என்னுடையதுதானே.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"எப்போ?"

"சுண்டு விரல் பாதிதான் பதிஞ்சிருந்துச்சு."

மாமா கையைப் பையிலிருந்து எடுத்து, அந்தச் செடியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளினார். "மீசை போனா போகட்டும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். "ரொட்டி வண்டி மாதிரி ஆயிடக் கூடாதுல்ல."

உள்ளே போய்ப் பார்த்தபோது கார் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், எங்கும் ஒரே சீராக, ஈரமாக மின்னியது. இலைப் பச்சை இல்லை. ஆனால் மூடியிருந்தது. ஓர் ஊசி முனை அளவுகூட வெறுமை இல்லை.

குழந்தை சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எப்போதும் பெரியவர்களின் அட்டவணை தெரியாது, ஆண்டவனுக்கு மட்டும் தெரியும். பேரன். தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மழை, மகள் பிறந்தபோது பெய்த அதே மாதிரி மழை. காருக்குக் கலர் அடிக்கவில்லை. ஆனால் ஷெட்டில் எல்லாரும் விடியும்போதே வந்து கண்ணாடிகளைப் பூட்டி, விளக்கை மாட்டி, அக்கா தைத்து வைத்திருந்த சீட்டுகளைத் தூக்கி வைத்தார்கள். பின் சீட்டில் பிள்ளைக்கென்று சின்ன மெத்தை. ஓரத் தையலை மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள் அதற்கு.

மெக்கானிக்தான் ஓட்டினார். நான் முன்னால். அக்கா பின்னால். மாமா வரவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வழியெல்லாம் மழை கூரையில் மத்தளம் கொட்டியது. அக்கா கதவின் உள் தகரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒழுகுதா?" என்றேன்.

"இல்லடா. காஞ்சு கிடக்கு."

ஆஸ்பத்திரி வாசலில், கூரைக்குக் கீழே, ஓர் ஆள் குடையோடு நின்றார். சட்டை மாமாவுடையது. நின்ற நிலை மாமாவுடையது. முகம் மட்டும் யாருடையதோ. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் வெளிறிப்போன ஓர் இடம், காலி மனைபோல.

அக்கா காரைவிட்டு இறங்காமலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். குடை பிடித்தவரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க அண்ணே" என்றாள். பிறகு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். தையல் போட்ட வயிறு, சிரிக்கக் கூடாது என்று நர்ஸம்மா பின்னாலிருந்து கத்தினார். அவளால் முடியவில்லை. பேரன் அந்தக் குலுக்கலில் விழித்துக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதான்.

"தாத்தாவைப் பாத்து பயந்துட்டான்" என்றாள் அக்கா.

"தகரத்தைப் பாத்து பயந்திருப்பான்" என்றார் மாமா. ஆனால் கதவை அவர்தான் திறந்தார். பிள்ளை நனையாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தார், அவர் முதுகு முழுக்க நனைந்தது. பின் சீட்டில் மகளை உட்காரவைத்து, தானும் ஒதுங்கி உட்கார்ந்து, கதவைச் சாத்தும் முன் தகரத்தின்மேல் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"இப்ப வச்சுக்கலாம்" என்றாள் அக்கா. "மூடியாச்சு."

மெதுவாக வீட்டுக்குப் போனோம். பேரன் சின்ன மெத்தையில் தூங்கிப்போனான். பாதி வழியில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்னது, பெயிண்ட் அடிச்சு ரோட்டுல ஓடினான்னுதானே? இது வெறும் பிரைமர். கலரே இன்னும் அடிக்கல. நீங்க மீசையை எடுத்திருக்கவே வேண்டாமே. நான்தானே சாட்சி."

மாமா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"அப்படியா" என்றார். "எனக்கு ஞாபகமே வரல."

அக்கா முன் சீட்டின் பின்பக்கத்தைத் தட்டினாள். "நீ ரோட்டைப் பாருடா" என்றாள். நான் ஓட்டவில்லை என்பதை அவள் மறந்துவிட்டாள்.